வட்டுக்கோட்டைச் செமினறி (1823–1855): ஒரு சிறு தாராண்மைக் கலைக்கல்லூரியும் அதில் தமிழ் பெற்ற இடமும்

முன்னுரை

யாழ்ப்பாணத் தமிழியல் வரலாற்றை எழுதுவோர் எவரும் வட்டுக்கோட்டைச் செமினறியைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. ஆயினும் அக்குறிப்பு பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலாகவே நின்றுவிடுகிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றார். கறோல் விசுவநாதபிள்ளை அங்குப் பயின்றார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அங்குப் பயின்றார் என்ற அளவில் செய்தி முடிகிறது. அஃது எவ்வகை நிறுவனம், அதன் பாடத்திட்டம் எந்த மரபிலிருந்து வந்தது, முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்தபின் அது ஏன் மூடப்பட்டது என்னும் வினாக்கள் தமிழ் ஆய்வுகளில் உரிய அளவு எழுப்பப்படவில்லை.

செமினறியைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழக்கில் உள்ளன. மதமாற்றத்திற்கென நிறுவப்பட்ட கூடம் என்பது ஒன்று. ஈழத்தில் ஆங்கில உயர்கல்வியின் தோற்றுவாய் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்றுகள் உண்டு. எனினும் அங்குத் தமிழுக்குக் கிடைத்த இடத்தை இவ்விரண்டில் எதுவும் விளக்குவதில்லை. தமிழ் அங்கு வெறும் பிரசங்க மொழியாகக் கற்பிக்கப்பட்டிருப்பின், தொல்காப்பியப் பதிப்பாசிரியர் ஒருவரும் தமிழ்ப் புலவர் வரலாற்றாசிரியர் ஒருவரும் அதன் மாணவர் வரிசையில் எவ்வாறு தோன்றினர்? அது வெறும் ஆங்கிலக் கல்விக்கூடமாயின், தமிழில் தருக்கநூலும் இயற்கணித நூலும் அங்கிருந்து எவ்வாறு வந்தன?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் அக்காலத்தில் இயங்கிய சிறு தனியார் கல்லூரிகளின் வார்ப்பாகச் செமினறியை நோக்கும்போது இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தாய்மொழிக் கல்வியின் பெயரால் 1855இல் அது மூடப்பட்ட முடிவின் உள்முரணும் அப்போதுதான் புலப்படும்.

தாராண்மைக் கலைக்கல்வி என்னும் சொல்

‘தாராண்மைக் கலைக்கல்வி’ என்பது தமிழில் இன்னும் வேரூன்றாத சொல். தாராளம் என்னும் சொல்லின் சாயல் இதில் படிவதால் வள்ளன்மை, விட்டுக்கொடுத்தல் முதலிய பொருள்கள் தோன்றிக் குழப்பம் தருகின்றன. இலத்தீன் மூலச்சொல் குறிப்பது அடிமையல்லாத சுதந்திர மனிதனுக்குரிய கலைகளை. இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை என்னும் மூன்றும், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்னும் நான்கும் ஆக ஏழு கலைகள் ஐரோப்பிய இடைக்காலத்தில் இவ்வாறு வழங்கப்பட்டன. தொழில் ஒன்றைக் கற்பிப்பதன்று, எத்தொழிலுக்கும் முற்பட்ட அறிவுப் பயிற்சியை அளிப்பதே இதன் நோக்கம். இலக்கணம், அளவை, அணி, கணிதம், சோதிடம் எனப் பயின்ற தமிழ்க் கல்வி மரபினர்க்கு இந்த அடைவு முற்றிலும் அயலானதன்று. மொழியும் கணிதமும் வானியலும் ஒரே மாணவனிடம் சேரவேண்டும் என்ற எண்ணம் இரு மரபுகளுக்கும் பொதுவாக இருந்தது. செமினறியின் பாடத்திட்டம் யாழ்ப்பாணத்தில் ஊன்றியதற்கு இப்பொதுமையும் ஒரு காரணம் எனலாம்.

இக்கல்வியைத் தன் முழுப்பணியாகக் கொண்ட சிறு கல்லூரி அமெரிக்காவில் தழைத்த வடிவமாகும். அரசு நடத்தாத, பல துறைப் பட்டங்களை வழங்காத, ஒரு சிற்றூரில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உறையும் கல்லூரி அது. வில்லியம்ஸ் 1793இலும், பௌடின் 1794இலும், மிடில்பரி 1800இலும், ஆமர்ஸ்ட் 1821இலும் தோன்றின. நான்கு ஆண்டுகள் இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கைத் தத்துவம், வானியல், தருக்கம், அறவியல் என்ற வரிசையில் எல்லா மாணவரும் ஒரே பாடங்களைப் பயின்றனர். இப்பாடத்திட்டத்தில் செம்மொழிகளின் இடத்தை நியாயப்படுத்தி யேல் கல்லூரியின் ஆசிரியர்கள் 1828இல் அறிக்கையொன்று வெளியிட்டனர். அறிவுப்பொருள்களை மனத்தில் நிரப்புவதினும் மனத்தைப் பயிற்றுவதே கல்லூரியின் முதற்கடமை என்பது அதன் சாரம்.

நியூ இங்கிலாந்திலிருந்து வந்தோர்

1816இல் யாழ்ப்பாணம் வந்த முதல் அமெரிக்க மிஷனரிமார் இக்கல்லூரிகளின் பட்டதாரிகள். தானியேல் பூவர் டார்ட்மத் கல்லூரியிலும், பெஞ்சமின் மெய்க்ஸ் யேலிலும், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் வில்லியம்ஸிலும், எட்வர்ட் வாரன் மிடில்பரியிலும் பயின்றவர். அடுத்து வந்தவருள் லீவை ஸ்போல்டிங் டார்ட்மத்திலும், பின்னாளில் பெருமகராதி தொகுத்த மைரன் வின்ஸ்லோ மிடில்பரியிலும் பட்டம் பெற்றவர். 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் மழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகே கூடிப் பிரார்த்தித்த நிகழ்வே அமெரிக்க வெளிநாட்டு மிஷன் இயக்கத்தின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. அவ்வைவருள் ரிச்சர்ட்ஸ் ஒருவர். அவர் 1822இல் தெல்லிப்பழையில் காலமானார். இவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம் 1810இல் அமைந்தது.

இவர்கள் பெரும் பல்கலைக்கழகம் எதையும் மாதிரியாகக் கொள்ளவில்லை. தாம் வாழ்ந்து அறிந்த சிறு கல்லூரியையே கொண்டுவந்தனர். ஆமர்ஸ்ட் கல்லூரியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஏழைகளாயினும் சமயப்பற்றுடைய இளைஞரை இலவசமாகப் பயிற்றிப் போதகராக்கும் பொருட்டு ஒரு தரும நிதி திரட்டப்பட்டு ஆமர்ஸ்ட் தொடங்கியது. (அதைத் தொடங்கியோருள் அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டரும் இருந்தார் என்பது அகராதி வரலாற்றில் ஈடுபாடுடையோர்க்குச் சுவையான செய்தி.) அரசின் பட்டயம் இல்லாமலேயே அக்கல்லூரி நான்கு ஆண்டுகள் இயங்கி, எதிர்ப்புகளுக்கிடையே 1825இல் பட்டயம் பெற்றது. அதனினும் இரண்டே ஆண்டு இளையதான வட்டுக்கோட்டைச் செமினறியும் கொடையாளர் நிதியால், இலவச உணவும் உறைவிடமும் தந்து, பட்டயமின்றித் தொடங்கியது. ஆனால் அதற்குப் பட்டயம் கிடைக்கவேயில்லை.

1823ஆம் ஆண்டுத் திட்டம்

தமிழ் இளைஞர்க்கும் பிற இளைஞர்க்கும் இலக்கிய, சமயக் கல்வி தருவதற்கான கல்லூரித் திட்டம் என்ற பொருளில் அமைந்த அறிக்கையொன்றை மிஷனரிமார் 1823இல் அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கில அறிவை முழுமையாகத் தருதல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், தெரிந்தெடுத்த சிலர்க்கு வடமொழி கற்பித்தல், இன்னும் சிலர்க்கு எபிரேயமும் ஓரளவு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தல், ஐரோப்பிய அமெரிக்கக் கல்லூரிகளில் வழங்கும் அறிவியல்களை இயன்றவரை பயிற்றுதல் ஆகியவை அதன் நோக்கங்கள். புவியியல், காலக்கணிப்பு, வரலாறு, வடிவியல், திரிகோணகணிதம், இயற்கைத் தத்துவம், வானியல் ஆகியன அதில் இடம்பெற்றன.

இவ்வறிக்கையில் தமிழ் பற்றி அமைந்த பகுதி தமிழாய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது. சமஸ்கிருதம், எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றைப் போலத் தமிழும் மூலமொழி, முழுமை பெற்ற மொழி, தன்னளவிலேயே பயிலத்தக்கது என்று அது கருதுகிறது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, கல்லூரித் திட்டமொன்றில், நிதி திரட்டும் நடைமுறை அறிக்கையொன்றில், இக்கருத்து இடம்பெற்றது. நியூ இங்கிலாந்துக் கல்லூரியில் செம்மொழிகள் வகித்த இடம் யாழ்ப்பாணத்தில் எதற்கு உரியது என்ற வினாவை எதிர்கொண்டபோது அவர்கள் தமிழையும் வடமொழியையும் அவ்விடத்தில் வைத்தனர். இலத்தீனும் கிரேக்கமும் ஓரத்திற்குச் சென்றன.

அதே பகுதியில் மற்றொரு கருத்தும் உண்டு. தமிழில் செய்யுள் நூல்கள் மிகுந்திருக்க, உரைநடை அருகியிருத்தலால், தமிழ் உரைநடையில் எழுதும் பயிற்சி இன்றியமையாதது என்பது அது. ஆகவே தமிழ் இருவகையில் கருதப்பட்டது: கற்கவேண்டிய செம்மொழி ஒன்று, புதிய அறிவை எழுதவேண்டிய உரைநடை மொழி ஒன்று. ஆங்கிலம் அறிவைப் பெறும் வாயில். தமிழ் அதனைப் பரப்பும் வாயில். சமய நோக்கம் இதில் மறைக்கப்படவில்லை. புராணங்களைக் கற்பது அவற்றை மறுப்பதற்கும் ஆகும் என்பதை அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். கற்பிக்கும் நோக்கம் எதுவாயினும், கற்றவர் கையில் கல்வி எதுவாக மாறியது என்பது வேறு செய்தி.

பட்டயம் மறுக்கப்பட்ட கல்லூரி

1823 ஜூலை 22ஆம் நாள் வட்டுக்கோட்டையில் பூவரைத் தலைமையாசிரியராகக் கொண்டு நிறுவனம் தொடங்கியது. போர்த்துக்கீசர் காலத்துத் தேவாலயமும் அதனைச் சார்ந்த மனையும் அதன் முதலிடம். கல்லூரி என்ற பெயரையும் பட்டயத்தையும் குடியேற்ற அரசு வழங்கவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்க மிஷனின் விரிவாக்கத்தை விரும்பாதவர். புதிய அமெரிக்கர் எவரும் தீவிற்கு வந்து பணியில் சேரக்கூடாது என்ற தடை ஆளுநர் ஹோர்ட்டன் காலத்தில், 1833இல்தான் நீங்கியது. மிஷனுக்கென வந்த அச்சாளர் ஒருவர் 1820இல் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார். அச்சகம் மானிப்பாயில் இயங்கத் தொடங்க 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே நிறுவனம் முதலில் மத்திய பாடசாலை என்றும் பின்னர்ச் செமினறி என்றும் வழங்கியது. பெயரில் ‘செமினறி’ இருத்தலால் அதனைக் குருமடம் என்று தமிழில் சிலர் எழுதுவது பொருந்தாது. இறையியல் அதன் ஒரு பகுதியே.

அரசு ஆதரவு இல்லையெனினும் அரசு அலுவலர் சிலரின் தனிப்பட்ட ஆதரவு இருந்தது. நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி பொருளுதவி செய்தார். செமினறியின் மண்டபம் இன்றும் ஒட்லி மண்டபம் என்றே வழங்குகிறது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறித்தவம் பற்றிய நூலில், இதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என மதிப்பிட்டார்.

‘தாராண்மை’ என்ற அடைமொழிக்கு இங்கு எல்லைகளும் இருந்தன. மாணவருள் மிகப் பெரும்பாலோர் வேளாளக் குடும்பத்தினர். பெண்களுக்கு 1824இல் உடுவிலில் தனி உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆனால் அஃது இதே பாடத்திட்டத்தைக் கொண்டதன்று. மாணவரின் பெயருக்கு முன்னே அமெரிக்கக் கொடையாளரின் அல்லது மிஷன் பெரியோரின் பெயர் சேர்க்கப்பட்டது. கறோல், நெவின்ஸ், ஆர்னல்ட், எவார்ட்ஸ் முதலிய முன்னொட்டுகள் இவ்வாறு வந்தவை. சி. வை. என்ற தலைப்பெழுத்துகள் வைரவநாதர் மகனைக் குறிக்கக் காண்கிறோம். செமினறிப் பதிவில் அவர் சார்ல்ஸ் வின்ஸ்லோ. ஒரு மாணவன் தன் படிப்புச் செலவுக்குத் தன் பெயரைக் கொடுத்தான் எனலாம். பின்னர் அவர்களுள் சிலர் அப்பெயரைக் களைந்ததும், சிலர் இறுதிவரை இரு பெயரையும் சேர்த்தே எழுதியதும் தனியே ஆராயத்தக்கவை.

வானியலும் பஞ்சாங்கமும்

செமினறிப் பாடங்களுள் யாழ்ப்பாணச் சமூகத்தை நேரடியாகத் தொட்டது வானியல். 1829 மார்ச் 20இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பூவர் ஒரு சோதனையாகக் கொண்டார். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்த நேரமும் அளவும் தம் கணிப்பிலிருந்து வேறுபடுவதைக் கண்டு, எது சரியென யாவரும் காணுமாறு முன்னரே அறிவித்தார். கிரகணம் பூவரின் கணிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. இந்நிகழ்ச்சியை மேலை அறிவியலின் வெற்றியாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அதன் தொடர்ச்சியே இங்கு முக்கியமானது.

1836இல் பூவர் மதுரைக்குச் சென்றபின் தலைமையேற்றவர் ஹென்றி ரிச்சர்ட் ஹொய்சிங்டன். வில்லியம்ஸ் கல்லூரியில் 1828இல் பட்டம் பெற்ற இவர் 1849 வரை, பதின்மூன்று ஆண்டுகள், செமினறியை நடத்தினார். பஞ்சாங்கத்தின் பிழையைக் காட்டுவதோடு இவர் நிற்கவில்லை. பஞ்சாங்கம் எந்தக் கணிதத்தால் ஆக்கப்படுகிறது என்று கற்றார். அதன் பயனாகத் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்புகளும் கொண்ட இந்து வானியல் நூலொன்று 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. பூமி உருண்டை என்பது சித்தாந்த வானியலார் கொள்கை. புராணங்களின் பூகோளம் அதனின் வேறானது. மரபின் உள்ளேயே இருந்த இவ்வேறுபாட்டை மாணவர் அறியச் செய்வதே ஹொய்சிங்டனின் முறை. வெளியிலிருந்து மறுப்பதைவிட உள்ளிருந்து மறுப்பது வலியது என்ற கணக்கு இதில் இருந்தது உண்மை. ஆனால் அம்முறைக்கு மூலநூலை நுணுகிக் கற்றல் தேவைப்பட்டது.

இதே உழைப்பின் மற்றொரு விளைவை இந்திய மெய்யியல் பயில்வோர் அறிவர். தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஹொய்சிங்டன் அமெரிக்கக் கீழைத்தேயக் கழக இதழின் நான்காம் தொகுதியில் 1854இல் வெளியிட்டார். சைவ சித்தாந்த சாத்திரங்கள் மேலை அறிவுலகை முறையாக எட்டிய முதற்சில வாயில்களுள் இஃதொன்று. சைவத்தை மறுக்க நிறுவப்பட்டதாகக் கருதப்படும் கல்விக்கூடத்தின் தலைவர் செய்த பணி இது என்பதை நோக்க, அக்கூடத்தை ஒற்றைச் சொல்லால் வகைப்படுத்துவோரின் அவசரம் விளங்கும்.

மாணவர் எழுதிய தமிழ்

1823ஆம் ஆண்டுத் திட்டம் விரும்பிய தமிழ் உரைநடை ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின் வந்தது. 1841 ஜனவரி 7இல் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினறியில் உருவானவர்கள். தமிழும் ஆங்கிலமும் விரவி வந்த அவ்விதழில் சமயச் செய்தியோடு வானியலும் வரலாறும் ஊர்ச் செய்தியும் இடம்பெற்றன. 1850இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்கநூலை எழுதினார். 1855இல் கறோல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ வெளிவந்தது. தருக்கமும் இயற்கணிதமும் நியூ இங்கிலாந்துக் கல்லூரிப் பாடங்கள். அவற்றை ஆங்கிலத்தில் கற்று, அதே ஊரில் ஆசிரியராக இருந்து, தமிழில் எழுதியிருக்கின்றனர். இந்நூல்களின் கலைச்சொல்லாக்கம் விரிவான ஆய்வை வேண்டி நிற்கிறது. வடமொழி மரபில் வழங்கிய சொல் இருக்குமிடத்தில் அதனையே கொள்வது அவர்களின் பொதுநெறி.

1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் பின்னர்த் தமிழில் நடத்திய மருத்துவக் கல்வியும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணத்தக்கது. அவர் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1864இலிருந்து தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. இம்மாற்றத்தைக் கிறீனின் தமிழ்ப்பற்று ஒன்றாலேயே விளக்குவது போதாது. ஆங்கில மூலத்தையும் தமிழ் நடையையும் ஒருசேர அறிந்த உதவியாளர் இல்லையேல் அப்பணி நடந்திராது. அத்தகையோரைத் தந்தது செமினறி உருவாக்கிய கல்விச் சூழல்.

இலக்கிய ஆய்வில் இருவர் போதும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வெளிவந்தது. சைமன் காசிச்செட்டி 1859இல் ஆங்கிலத்தில் செய்த புலவர் வரலாற்றுத் தொகுப்பை நோக்க, இது தமிழில் அமைந்தது. நானூறுக்கும் மேற்பட்ட புலவரை அகரவரிசையில் தருவது. தாமோதரம்பிள்ளையின் பணியை இவ்விதழின் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையம் 1868இலும், வீரசோழியம் 1881இலும், பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் பதிப்பில் வந்தன. இங்குக் குறிக்க வேண்டியது ஒன்று. வீரசோழியப் பதிப்புரையில் அவர் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாகப் பகுத்தார். அப்பகுப்பின் முடிவுகள் இன்று நிலைக்கவில்லை. ஆயினும் நூல்களைக் காலவரிசையில் நிறுத்தி, ஒன்றுக்கொன்று முற்பட்டது பிற்பட்டது என வழக்காடும் முறை புலமை மரபில் அதுவரை வழங்கியதன்று. காலக்கணிப்பு என்பது 1823ஆம் ஆண்டுத் திட்டத்தில் தனிப்பாடமாக எண்ணப்பட்டதை இங்கு நினைத்தல் தகும். அதே வேளையில், அவருடைய தமிழ்ப் புலமை செமினறிக்கு வெளியே, சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் பாடங்கேட்டதாலும் விளைந்தது. இரு கல்வி முறைகளின் சந்திப்பே அவர். செமினறியை மட்டும் காரணமாக்குதலும் அதனை விலக்கிக் காணுதலும் சமமான பிழைகள்.

தாய்மொழியின் பெயரால்

1854–55இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் தம் துணைவர் ஒருவருடன் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்து மிஷன் நிறுவனங்களைப் பார்வையிட்டார். உள்ளூர்த் திருச்சபைகள் தாமே தம்மை ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்பது அவருடைய புகழ்பெற்ற கொள்கை. அதற்குத் தேவை ஊர்மக்களோடு ஊர்மொழியில் பேசும் போதகர். ஆங்கிலக் கல்வி இளைஞரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கிறது, அரசுப் பணிக்கும் வணிகர் அலுவலகங்களுக்கும் அனுப்பிவிடுகிறது, மிஷனின் பணத்தைத் தின்கிறது என்று அவர் கண்டார். வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில்தான் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்திருந்தார்.

ஆண்டர்சன் கண்டவற்றுள் உண்மை இல்லாமலில்லை. 1833இன் கோல்புரூக் சீர்திருத்தங்களுக்குப் பின் இலங்கையில் ஆங்கிலம் அரசு வேலைக்கு வழியாயிற்று. இந்தியாவில் 1835க்குப் பின் அதுவே நிலை. செமினறியில் அதுவரை பயின்ற 600க்கும் மேற்பட்டோரில் பலர் இலங்கை, தென்னிந்திய அரசு அலுவல்களில் அமர்ந்தனர். பிற்காலத்தில் மாணவர் கட்டணம் செலுத்திப் படிக்க முன்வந்ததும் இதனாலேயே. போதகரை ஆக்கும் கூடம் என்ற அளவுகோலால் அளந்தால் செமினறி தோல்வியடைந்தது என்று அவர் கருதியது வியப்பன்று.

ஆனால் மொழி பற்றிய அவருடைய முடிவு வேறு. ஆங்கிலம் அல்லது தாய்மொழி என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவாக அவர் அதனை அமைத்துக்கொண்டார். செமினறி அமைந்ததோ இரண்டையும் ஒருவரிடம் சேர்க்கும் கொள்கையில். தமிழில் தருக்கமும் இயற்கணிதமும் எழுதப்பட்டது ஆங்கிலத்தை விலக்கியதால் அன்று. வீசகணிதம் அச்சேறிய 1855ஆம் ஆண்டிலேயே, தாய்மொழியை வளர்க்கும் காரணம் காட்டி அதன் ஆசிரியரை ஆக்கிய கூடம் மூடப்பட்டது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஆண்டர்சன் எண்ணிய தாய்மொழி போதிப்பதற்குரிய மொழி. 1823இன் திட்டம் எண்ணிய தமிழ் சிந்திப்பதற்கும் உரிய மொழி. பயிற்றுமொழி பற்றிய இன்றைய விவாதங்களிலும் இவ்விரு தமிழும் பிரித்தறியப்படாமல் கலந்தே வருகின்றன.

ஊர்மக்கள் இம்முடிவை ஏற்கவில்லை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். கல்வி எந்தச் சமயத்தாரின் தனியுடைமையும் அன்று என்பது அப்போதே தெளிவாகியிருந்தது. செமினறியின் பழைய மாணவர் 1856இலேயே வட்டுக்கோட்டையில் தனியார் ஆங்கிலப் பள்ளியொன்றை நடத்தத் தொடங்கினர். செமினறி மூடப்பட்ட இரண்டாம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும், விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டையில் கற்றவர்கள்.

பின்வந்த கல்லூரிகள்

1849க்குப் பின் செமினறியில் தலைமைப் பொறுப்பிலிருந்தவருள் சைரஸ் மில்ஸ் ஒருவர். வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டதாரி. அவருடைய துணைவி சூசன் டோல்மன், மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் பயின்றவர். நலக்குறைவால் 1854இல் வட்டுக்கோட்டையை விட்டு அமெரிக்கா திரும்பிய இவ்விருவரும் ஹவாயில் சிலகாலம் கற்பித்து, 1865இல் கலிபோர்னியாவின் பெனிசியாவில் ஒரு பெண்கள் பள்ளியை விலைக்கு வாங்கினர். 1871இல் ஓக்லாந்துக்கு மாறிய அப்பள்ளி 1885இல் மில்ஸ் கல்லூரியாயிற்று. அமெரிக்க மேற்குக் கரையில் பெண்களுக்கான தாராண்மைக் கலைக்கல்லூரியாகப் பெயர்பெற்று, 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு அது இணைந்தது. சிறு கல்லூரி வடிவம் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வரலாறு மட்டுமே பேசப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் கற்பித்த அனுபவம் திரும்பிச் சென்ற இவ்வழியும் உண்டு.

வட்டுக்கோட்டையில் பழைய மாணவரின் இடையறாத முயற்சியால் 1872 ஜூலை 3இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஈ. பி. ஹேஸ்டிங்ஸ் அதன் முதல்வர். நிருவாகக் குழுவில் உள்ளூரார் அமர்ந்தனர்; நிதி வைப்பு அமெரிக்காவில் இருந்தது. செமினறியின் மறுபிறப்பாக இதனைக் கூறுவது மரபு. நிருவாகத்தில் அஃது உண்மை. பாடத்திட்டத்தில் அவ்வாறன்று. 1890களில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகளோடு கல்லூரி இணைந்தபின், எதைக் கற்பிப்பது என்பதைத் தொலைவிலிருந்த தேர்வுக்குழு தீர்மானித்தது. தமிழ் பல தாள்களுள் ஒன்றாயிற்று. தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் உரிமை பட்டயம் இல்லாத செமினறிக்கு இருந்தது. பல்கலைக்கழக ஏற்பினைப் பெற்ற கல்லூரிக்கு இல்லை.

எனினும் இழை முற்றும் அறவில்லை. அக்கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த ஜே. வி. செல்லையா, அமெரிக்க மிஷன் கல்விக்கூடங்களின் வரலாற்றை 1922இல் ஆங்கிலத்தில் எழுதினார். அவரே பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்டார். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபோது கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு அதனுள் சேர்ந்தது. வட்டுக்கோட்டையில் எஞ்சியது பள்ளிக்கூடம்.